அனுப்பி வைப்பதும் இருத்தி வைப்பதும்

முன்பின் அறியாத இரண்டு நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வெகுநேரம் சுற்றி வளைக்காது. “நீங்க எந்தக் கோவில்?” என்று ஒருவர் கேட்டுவிடுவார். “இளையாத்தங்குடி. ஒக்கூர்” என்று பதில் வரும். கேட்டவர் தேடியது பக்தியை இல்லை. எதிரில் இருப்பவர் பங்காளியா, சம்பந்தம் பேசக்கூடியவரா, அவர் யார் வழி வந்தவர் என்பது அந்த இரண்டு சொல்லில் அவருக்குத் தெரிந்துவிடும். செட்டிநாட்டில் ஒருவருடைய முன்னோரைப் பற்றிய முதல் தகவல் ஒரு கோயிலின் பெயராகத்தான் வருகிறது.

இளையாத்தங்குடிக் கோயில், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில் கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவாமி கைலாசநாதர், அம்பாள் நித்திய கல்யாணி. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் முதலில் சொல்லப்படுவது இது. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டி நாட்டுக்கு வந்த தங்கள் முன்னோர் முதலில் குடியமர்ந்த இடம் இளையாத்தங்குடிதான் என்பது அவர்களின் மரபு வரலாறு. மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று மற்றவை பிறகு பிரிந்தன. இளையாத்தங்குடிக்குள்ளேயே ஒக்கூர், பட்டணசாமி, பெருமருதூர், கழனிவாசல், கிங்கிணிக்கூர், பேரசெந்தூர், சிறுசேத்தூர் என ஏழு பிரிவுகள் உண்டு. கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலை வந்தால்தான் புதுத் தம்பதி ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கில் ஏறும்.

முன்னோர் வழிபாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கயையிலோ ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலோ தொடங்குவார்கள். நான் இங்கே தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்து சமயத்தில் ‘முன்னோர் வழிபாடு’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனிக் காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, செத்தவரை ஒழுங்காக அனுப்பி வைப்பது. மற்றது, அவரைப் போகவிடாமல் வீட்டோடு இருத்திக்கொள்வது. முதலாவதுக்குச் சாத்திரம் உண்டு, உரை உண்டு, புரோகிதர் உண்டு. ஆகவே நூல்களில் அது மட்டுமே பேசப்படுகிறது. இரண்டாவதுக்கு ஏடு கிடையாது, ஒரு பேழைதான் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடப்பதால் வேறுபாட்டை இங்கே நன்றாகப் பார்க்க முடியும்.

முதலில் தெவசம். செட்டிநாட்டுப் பேச்சில் திவசம் அப்படித்தான். அதன் பொருள் என்ன என்றால் எல்லோரிடமும் தயாராக இருக்கும் பதில், பிதிர்க்கடன். அந்தணன் பிறக்கும்போதே ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பிதிரர்களுக்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்பது தைத்திரீய சங்கிதை சொல்வது. பின்னால் வந்தவர்கள் அதை எல்லோருக்கும் விரித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த இடத்தைக் கவனமாகப் படித்தால், பிதிர்க்கடன் தீருவதற்கு அது சொல்லும் வழி பிள்ளை பெறுவதுதான். வாங்கிய உயிரை இன்னொரு உயிராகத் திருப்பித் தருவது. எள்ளும் தண்ணீரும் அங்கே பேச்சில் இல்லை. வட்டிக்கடையில் வளர்ந்த செட்டியாரிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்: அசலை யாரும் கட்டி முடிக்கிற கணக்கு இல்லை இது, அடுத்தவர் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்டே போகிற கணக்கு.

சடங்கு என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் வேறொரு பொருள் தெரிகிறது. இறந்தவர் முதலில் பிரேதம்: உடம்பு எரிந்துபோனது, போக இடமில்லை, பசி மட்டும் மிச்சம். பத்து நாள் பிண்டம் அவருக்கு ஒரு புது உடம்பைக் கட்டுகிறது. ஒவ்வொரு நாள் உருண்டைக்கும் ஓர் உறுப்பு என்று கருட புராணம் கணக்குச் சொல்லும். பிறகு சபிண்டீகரணம். முறைப்படி ஓராண்டு கழித்துச் செய்ய வேண்டியதை இப்போது பன்னிரண்டாம் நாளிலேயே முடித்துவிடுகிறார்கள். பிரேதத்துக்கு வைத்த பிண்டத்தை மூன்றாகப் பிரித்து, அவருடைய தகப்பன், பாட்டன், பூட்டன் ஆகிய மூவருக்கு வைத்த உருண்டைகளோடு சேர்த்துப் பிசைகிறார்கள். அந்தக் கணத்தில் அவர் பிரேதம் என்ற பெயரை இழந்து பிதிரர் வரிசையில் உட்காருகிறார். தகப்பன் வசு, பாட்டன் ருத்திரன், பூட்டன் ஆதித்தியன் என்று படிவரிசை. சைவ பத்ததிகளில் அந்த மூன்று இடங்களில் ஈசர், சதாசிவர், சாந்தர் வருகிறார்கள். பெயர் மாறினாலும் படி மூன்றுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கீழே ஒருவர் ஏறினால் மேலே ஒருவர் இறங்க வேண்டும். பூட்டனுக்கு மேலே போனவருக்கு இனித் தனி உருண்டை கிடையாது, பெயர் சொல்லி அழைப்பும் கிடையாது. பிண்டம் வைத்து முடித்தபின் கையில் ஒட்டியிருக்கிற சோற்றைத் தர்ப்பையில் துடைக்கிறார்களே, அந்தத் துடைப்புத்தான் அவருக்கும் அவருக்கு மேலே உள்ள இரண்டு தலைமுறைக்கும் பங்கு. அதற்கும் அப்பால் போனவர்களுக்கு அதுவும் இல்லை. மறப்பதைக் கட்டம் கட்டமாக, மரியாதையோடு செய்வதற்கு இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. தெவசம் நினைவுச் சடங்கு என்கிறோம். அதைவிட, காலக்கெடு வைத்த மறதி என்று சொல்வதுதான் பொருந்தும்.

தெவசச் சமையலில் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. ஆசாரமான வீடுகளில் அன்றைக்கு மிளகாய் கிடையாது, மிளகுதான். உருளைக்கிழங்கு, தக்காளி, கோஸ், காலிஃபிளவர் எதுவும் அடுக்களைக்குள் வராது. வாழைக்காய், பாகற்காய், பிரண்டை, எள், உளுந்து வரும். மிளகாயும் உருளையும் தக்காளியும் போர்த்துக்கீசியர் வந்தபின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தவை. ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய தமிழ்ச் சமையலறை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் ஒரு தெவசச் சாப்பாட்டைச் சாப்பிட்டால் போதும். பிதிரர்களுக்கு அவர்கள் அறிந்த சாப்பாடுதான் செல்லும் என்கிற எளிய நியாயம் இதற்கு அடியில் இருக்கிறது. மற்ற வீடுகளில் இந்தக் கெடுபிடி குறைவு. அமாவாசையன்று ஒரு தட்டில் அரிசி, பருப்பு, வாழைக்காய், தட்சிணை வைத்து ஐயரிடம் கொடுத்துவிட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

தர்ப்பணத்தில் நீரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தெற்கு நோக்கி விடுகிறோம். பெயர் சொல்லி எல்லோருக்கும் விட்டு முடிந்தபின் கடைசியாக ஒரு கை. தாய் இல்லாதவர், தகப்பன் இல்லாதவர், நண்பர் இல்லாதவர், நீர் விட ஆளே இல்லாதவர் எல்லோருக்கும் அது. வம்சக் கணக்கிலேயே உருண்டுகொண்டிருக்கும் ஒரு சடங்கு, முடியும்போது அந்த வேலியைத் தானே பிரித்துவிடுகிறது. தெவசத்தைக் குறை சொல்கிறவர்களும் அதைத் தூக்கிப் பிடிக்கிறவர்களும் இந்தக் கடைசிக் கையைச் சரியாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இது வடமொழி வழி வந்தது, தமிழருக்கு அயல் என்று ஒரு கட்சி உண்டு. அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரில் வள்ளுவர் முதலில் வைப்பது தென்புலத்தாரை. பரிமேலழகர் அவர்களைப் படைப்புக் காலத்தில் அயன் படைத்த ஒரு தெய்வ சாதி என்று விளக்கிவிட்டார். நம் வீட்டுத் தாத்தாவுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்பதை அவர் பேசவில்லை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடும் புறநானூற்று ஒன்பதாம் பாட்டில், போருக்கு முன் ஒதுங்கிக்கொள்ளச் சொல்லும் பட்டியலில், தென்புலத்தாருக்குக் கடன் செய்யும் புதல்வரை இன்னும் பெறாதவர்களும் இருக்கிறார்கள். மகன், பிண்டம், தெற்கு மூன்றும் சங்க காலத்திலேயே இங்கே வந்து சேர்ந்துவிட்டன.

ஆனால் அதே புறநானூற்றில் வேறு காட்சிகளும் இருக்கின்றன. வேள் எவ்வி இறந்தபின் வெள்ளெருக்கிலையார் பாடிய 234ஆம் பாட்டில் பிண்டம் வைப்பது மகன் இல்லை, மனைவி. பெண் யானையின் அடிபோல ஒரு சிறு இடத்தை மெழுகி, புல்லின்மேல் ஒரு சிறிய உருண்டையை வைக்கிறாள். ஊரோடு உட்கார்ந்து உண்டவன் இந்தச் சின்ன உருண்டையை எப்படி உண்டானோ என்று புலவர் கலங்குகிறார். 360ஆம் பாட்டில் புல்லின்மேல் படைத்த சோற்றை உண்ணச் சொல்லி இறந்தவனை ஏவுகிறவன் புலையன். மனைவி கையாலும் புலையன் ஏவலாலும் நடந்த ஒரு சடங்கு பிறகு மகன் கைக்கும் அந்தணர் வாய்க்கும் மாறியிருக்கிறது. மாற்றம் எப்போது முழுமையானது என்பதை ஆய்வாளர்கள் வாதிடட்டும். மாற்றம் நடந்தது என்பதற்கு இந்தப் பாட்டுகளே சாட்சி.

இவற்றுக்குப் பக்கத்தில் இருத்தி வைக்கும் மரபும் ஆரம்பத்திலிருந்தே வருகிறது. இதே சிவகங்கை மாவட்டத்தில் கீழடியை ஒட்டிய கொந்தகை இடுகாட்டில் முதுமக்கள் தாழிகளோடு மட்கலங்களும் கிடைத்தன. செத்தவருக்குப் பாத்திரம் வேண்டியிருக்கிறது என்று நினைத்தவர்கள் வைத்தவை. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது. கல்லைத் தேடுவதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, பெரும்படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. சோழர் காலத்தில் அது பள்ளிப்படைக் கோயிலாக உயர்ந்தது. ஆதித்தனுக்குத் தொண்டைமானாட்டில் முதலாம் பராந்தகன் எடுத்தது, அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் முதலாம் ராஜராஜன் எடுத்தது, பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீஸ்வரத்தில் ராஜேந்திரன் எடுத்தது. கல்லாக இருந்தாலும் கோயிலாக இருந்தாலும் செத்தவர் எங்கும் போகவில்லை. இடம் குறித்து இங்கேயே இருக்கிறார், அவருக்குச் சோறு வருகிறது.

செட்டிநாட்டில் அந்த இடம், வீட்டுக்குள் இருக்கிறது. பட்டாலையைத் தாண்டி வளவுக்குள் போனால், முற்றத்தைச் சுற்றி மகன்மாருக்கு ஆளுக்கொரு இரட்டை அறை. பல வீடுகளில் அவற்றுக்கு நடுவே யாருக்கும் பங்கு போகாத ஒரு சாமி அறையும் உண்டு. அதில் ஒரு பேழை: ஓலையோ மூங்கிலோ மரமோ. அதற்குள் சேலை, வேட்டி. இறந்துபோன முன்னோருக்கு அவற்றை வைத்துச் சோறு படைக்கும் சடங்குக்குப் படைப்பு என்று பெயர். சில பங்காளிக் கூட்டங்களுக்குத் தனியாகப் படைப்பு வீடே உண்டு.

படைப்பு யாருக்கு என்பது வீட்டுக்கு வீடு மாறும். கல்யாணம் காணாமல் போன ஒரு பெண்ணாக இருக்கலாம். முதல் பிரசவத்தில் போன இளம் ஆச்சியாக இருக்கலாம். மஞ்சள் குங்குமத்தோடு போன அப்பத்தாவாக இருக்கலாம். கணவன் மனைவி இருவருமாகவும் இருக்கலாம். பெண்களே மிகுதி. அவருக்கும் இப்போது கும்பிடுகிறவர்களுக்கும் நடுவே எத்தனை தலைமுறை என்று கேட்டால் சரியாகச் சொல்ல ஆள் இருக்காது. தெவசக் கணக்குப்படி அவர் எப்போதோ வரிசையை விட்டுப் போயிருக்க வேண்டியவர். இங்கே அவர் போகவே இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறையோ, சில ஆண்டுக்கு ஒருமுறையோ, வீட்டில் கல்யாணம் வரும்போதோ படைப்பு வைப்பார்கள். நாள் குறித்ததும் பங்காளிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்ப வேண்டும். செலவு புள்ளிக் கணக்கில் பிரியும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் மனைவியுமாக ஒரு புள்ளி. கோடி வைத்திருப்பவரும் குமாஸ்தா வேலை பார்ப்பவரும் ஒரே தொகை. சாமி அறையைக் கழுவி மெழுகிக் கோலமிட்டு, பேழையை இறக்குவார்கள். போன படைப்பில் வைத்த சேலையும் வேட்டியும் வெளியே வரும். புதுச் சேலையும் புது வேட்டியும் உள்ளே போகும். வெளியே வந்ததைப் பங்காளி வீட்டார் பிரசாதமாக வாங்கிக்கொள்வார்கள். சில இடங்களில் தங்களுக்குள் ஏலம் விட்டு எடுப்பார்கள். வாழையிலைகளை விரித்துப் பள்ளயம் போடுவார்கள். சோறு, குழம்பு, காய்கறியோடு பணியாரமும் கந்தரப்பமும் வரும். சைவப் பழக்கம் மிகுந்த இந்தச் சமூகத்திலும் சில வீட்டுப் படைப்புக்கு அசைவம் உண்டு. அந்த ஆச்சி உயிரோடு இருந்தபோது என்ன சாப்பிட்டாரோ அதுதான் இலையில் விழும். பெரும்பாலும் புரோகிதர் இல்லை, மந்திரமும் இல்லை. வீட்டுப் பெரியவர் தீபம் காட்டுவார். எல்லோரும் விழுந்து கும்பிடுவார்கள். பிறகு பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அந்தச் சேலைப் பரிமாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தெவசத்தில் இறந்தவருக்குச் சோறும் நீரும்தான் முக்கியம். அவருக்கு உடம்பு இல்லை என்பதை ஒப்புக்கொண்டே அவை கொடுக்கப்படுகின்றன. படைப்பில் சேலை முக்கியம். சேலை கட்டிக்கொள்ள உடம்பு வேண்டும். பழைய சேலையை எடுக்கும்போது அதை அவர் உடுத்திக் களைந்தது போலவே பாவித்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சேலையை உடுத்துகிற மருமகள், தான் ஒருநாளும் பார்த்திராத ஒரு பெண்ணின் சேலையை உடுத்துகிறாள். கல்யாணமாகி வந்தவள் இந்த வீட்டுக்காரி ஆவதற்கு இதைவிட அழுத்தமான சடங்கு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது நகரத்தாருக்கு மட்டும் உரியதும் இல்லை. வட மாவட்டங்களில் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரியை நீர்நிலைக்கரையிலிருந்து குடத்தில் அழைத்து வந்து சேலை வைத்துப் படைக்கிறார்கள். நெல்லை, குமரிப் பக்கங்களில் கன்னியாக இறந்த பெண்ணுக்குப் பெட்டியில் பாவாடை, வளையல், சீப்பு, கண்ணாடி வைத்துக் கும்பிடுகிறார்கள். மந்திரமும் தர்ப்பையும் மிகுந்த பிராமண வீட்டிலேயே சுமங்கலிப் பிரார்த்தனை உண்டு. அன்று குடும்பத்தில் சுமங்கலியாகப் போனவர்களுக்குப் புடவை வைத்து, சுமங்கலிகளுக்கும் கன்னிக்கும் இலை போடுகிறார்கள். அது பெண்கள் கையில் இருக்கும் சடங்கு. சாதி வேறு, ஊர் வேறு, பெயர் வேறு. சேலை, சோறு, கல்யாணத்துக்கு முன் அவளிடம் உத்தரவு என்பவை எல்லா இடத்திலும் அதே. சாத்திரத்தின் வரிசையில் பெண்ணுக்கு இடம் தகப்பனின் மனைவியாக, பாட்டனின் மனைவியாகத்தான். மணமாகாதவளுக்கும் பிள்ளையில்லாமல் போனவளுக்கும் அங்கே பிண்டம் வைக்க ஆள் கிடைப்பது அரிது. சாத்திரம் விட்டுவிட்டவர்களைத்தான் படைப்பு பிடித்துக்கொண்டது. வாழ வேண்டிய வயதில் போனவளின் ஆசை வீட்டைச் சுற்றும் என்ற அச்சம் இதற்குள் இருக்கிறது. அச்சத்தோடு, அவளுக்கு நாம் ஏதோ பாக்கி வைத்துவிட்டோம் என்ற குற்ற உணர்வும் இருக்கிறது. முன்னோர் வழிபாட்டை வெறும் நன்றி என்று மட்டும் சொல்கிறவர்கள் இந்தப் பேழைகளைத் திறந்து பார்க்காதவர்கள்.

மறுப்புக் குரல்கள் இந்த மரபுக்குள்ளேயே பழையவை. இங்கே வைத்த சோறு செத்தவனுக்குப் போய்ச் சேருமானால், ஊருக்குப் போகிறவனுக்கு ஏன் கட்டுச்சோறு கட்டிக் கொடுக்கிறாய், வீட்டிலேயே அவன் பெயரில் படைத்துவிடலாமே என்று சார்வாகர் கேட்டதை மாதவாசாரியரின் சர்வதரிசன சங்கிரகம் பதிவு செய்திருக்கிறது. நம் காலத்தில் பெரியார், தெவசத்தைப் புரோகிதர் பிழைப்பு என்று சாடினார். காரைக்குடியிலும் அந்தக் குரலுக்கு ஆள் இருந்தார்கள். ‘குமரன்’ இதழை நடத்திய சொ. முருகப்பா அவர்களில் ஒருவர். புரோகிதர் இல்லாத படைப்பு இந்தக் கண்டனத்தின் கைக்கு எட்டாமல் தப்பித்துக்கொண்டது. சீர்திருத்தக்காரர்கள் பலர் வீட்டில் தெவசம் நின்றுபோய், படைப்பு மட்டும் நடந்தது என்று கேள்விப்பட்டால் எனக்கு வியப்பாக இருக்காது.

சார்வாகரின் கேள்விக்குத் தர்க்கத்தில் பதில் இல்லை. ஆனால் மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தில் சிராத்தம் எப்படித் தொடங்கியது என்று ஒரு கதை இருக்கிறது. நிமி என்ற முனிவரின் மகன் இறந்துபோகிறான். துக்கம் தாளாமல், மகனுக்குப் பிடித்த கிழங்கும் பழமும் தேடி, அந்தணர்களை அழைத்து உண்ண வைத்து, தர்ப்பையின்மேல் பிண்டமும் வைத்துவிடுகிறார். முடிந்தபின், யாரும் செய்யாததைச் செய்துவிட்டேனே, முனிவர்கள் சபிப்பார்களே என்று நடுங்குகிறார். அத்திரி வந்து, இது விதிப்பட்டதுதான் என்று தேற்றுகிறார். மகன் தகப்பனுக்குச் செய்ய வேண்டியது என்று நாம் நினைத்திருக்கிற சடங்கை முதலில் செய்தவர் மகனை இழந்த ஒரு தகப்பன். விதி பிற்பாடுதான் வந்தது. பிடித்ததைத் தேடிப் படைக்கிற கை முதலில் வந்தது. அந்த வகையில் நிமி வைத்தது தெவசத்தைவிடப் படைப்புக்கு நெருக்கம் என்பேன். நகரத்தார் கொண்டாடும் பட்டினத்தார் கதையிலும் இதே முரண் உண்டு: எல்லாவற்றையும் துறந்தவர், தாய்க்குக் கொள்ளி வைக்க மட்டும் திரும்பி வந்தார்.

துறந்தவர் இறந்தால் என்ன செய்வது என்பதற்கும் இளையாத்தங்குடியிலேயே விடை இருக்கிறது. காஞ்சி காமகோடி பீடத்தின் 65ஆம் ஆசாரியரான சுதர்சன மகாதேவேந்திர சரஸ்வதி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊரில் சித்தியடைந்தார். அவருடைய அதிஷ்டானம் இங்கே இருக்கிறது. சந்நியாசி துறவு வாங்கும்போதே தனக்குத் தானே சிராத்தம் செய்து முடித்துவிடுவதால், அவரை எரிப்பதில்லை, அவருக்குப் பிண்டமும் இல்லை, ஆண்டுதோறும் ஆராதனைதான். சாத்திரப்படி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாதவருக்கும் ஊரில் ஓர் இடம் குறித்துக் கும்பிடுகிறோம் என்றால், இருத்தி வைக்கும் மரபின் பிடி எவ்வளவு பலமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, உயிரோடு இருப்பவர்கள் பக்கம். பிண்டம் யார் வைக்கலாம் என்ற கேள்வியிலிருந்துதான் சொத்து யாருக்கு என்ற கேள்வி பிறந்தது. வங்காளத்தில் ஜீமூதவாகனரின் தாயபாகம், இறந்தவருக்கு யாருடைய பிண்டம் அதிகப் பலன் தரும் என்பதை வைத்து வாரிசுரிமையைத் தீர்த்தது. விஞ்ஞானேசுவரர் மிதாட்சரத்தில் பிண்டம் என்பதை உடம்பு என்று கொண்டு, இரத்த உறவை அளவாக்கினார். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலும் அந்தச் சபிண்ட உறவு இருக்கிறது: தந்தை வழியில் ஐந்து தலைமுறை, தாய் வழியில் மூன்று. நகரத்தாருக்கு இந்தச் சட்டம் போதாது. ஒரே கோயிலின் ஒரே பிரிவுக்குள் எத்தனை தலைமுறை ஆனாலும் சம்பந்தம் கிடையாது. பிள்ளையார்பட்டியும் இரணியூரும் தனிக் கோயில்களாக இருந்தும், உடன்பிறந்தார் வழி என்பதால் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஆண்பிள்ளை இல்லையென்றால் அதே கோயிலுக்குள், கூடுமானவரை பங்காளி வீட்டிலிருந்தே, பிள்ளை கூட்டுவார்கள். புள்ளி அழியக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

நகரத்தாரின் வணிக வெற்றிக்குக் கோயிலும் குலமும் தந்த நம்பிக்கையே முதல் என்று டேவிட் ரட்னர் 1994இல் வந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ரங்கூனில் இருக்கும் முதலாளி, ஊரில் யாரும் பத்திரம் எழுதாமலே பெரும் தொகையை ஒரு பங்காளியிடம் நம்பிக் கொடுக்க முடிந்ததென்றால், இருவரும் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்தவர்கள் என்பதும் அதற்கு ஒரு பிணை. இதில் பெண் மக்களின் நிலைதான் நெருடல். நகரத்தார் பெண்களின் சொத்துரிமையைப் பற்றி 1998இல் நூல் எழுதிய யூகோ நிஷிமுரா காட்டியதுபோல், தாய்வீட்டுச் சீதனத்தின் வழி அவர்களுக்கு வலுவான பொருளாதார நிலை உண்டு. 2005இல் வந்த வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் மகளுக்குப் பிறப்பால் பங்கு தந்தது. ஆனாலும் கல்யாணமான மகள் புருஷன் கோயிலின் புள்ளி. தாய்வீட்டுப் படைப்பில் அவள் பெயரில் வரி இல்லை. தெய்வமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே இது நடக்கிறது. சொத்தில் பங்குள்ளவளுக்குப் படைப்பிலும் பங்கு கொடுத்துவிட்டால் எந்த ஆச்சியும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கொண்டுவிற்கப் போன இடமெல்லாம் செட்டியார்கள் தண்டாயுதபாணியைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் எழுந்தது. பினாங்கு, ரங்கூன், சைகோன், கொழும்பு எங்கும் முருகன் உண்டு. முன்னோரை அனுப்பி வைக்க வசதியாகக் காசியிலும் கயையிலும் பிரயாகையிலும் சத்திரம் கட்டினார்கள். பேழையை மட்டும் எங்கும் கொண்டுபோகவில்லை. தர்ப்பணத்தை நியூஜெர்சியில் குளியலறைக் குழாயடியில் செய்யலாம். ராமேஸ்வரத்தில் பணம் கட்டினால் நமக்காக இன்னொருவர் செய்வார். படைப்புக்கு அந்த வளவுக்குத்தான் வர வேண்டும். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குச் சாவி தேடிச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆள் வருவது இதற்காகத்தான். 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. பட்டியல் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் காப்பாற்றலாம். ஒரு வீடு ஏன் இன்னும் இடிபடாமல் நிற்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பங்காளிகள் ஒத்துவரவில்லை என்பார்கள். அந்தப் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தையாவது அறுந்துபோகாமல் வைத்திருப்பது சாமி அறை.

ஒத்துவந்துவிட்ட வீடுகளின் தேக்குத் தூணும் கதவு நிலையும் எனாமல் சாமானும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன. அங்கே மரப்பெட்டிகளும் கிடைக்கும். எது பேழையாக இருந்தது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

படைப்பு முறை எங்கும் எழுதப்படவில்லை. யாருக்கு, எந்த மாதம், இலையில் என்ன, சேலை எத்தனை முழம், யாருக்கு முதல் வரிசை என்பதெல்லாம் இப்போது எண்பதைத் தாண்டிய சில ஆச்சிமார் நினைவில் இருக்கிறது. தெவசத்துக்கு ஏடு இருப்பதால் ஐந்து தலைமுறை விட்டாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். படைப்பு ஒரு தலைமுறை விட்டால் போயிற்று. உங்கள் வீட்டில் படைப்பு உண்டென்றால், அடுத்ததற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்த ஆச்சியிடம் போய் உட்காருங்கள். முதலில் பேழைக்காரியின் பெயரைக் கேளுங்கள். அவர் எப்படி இறந்தார் என்பதைக் கேளுங்கள். பிறகு சமையலைக் கேளுங்கள். எழுதியதன் ஒரு நகலைப் பேழைக்குள் வையுங்கள், இன்னொன்றைக் கல்யாணமாகிப் போன மகளிடம் கொடுங்கள்.